முப்பத்தைந்து ஆண்டு கழித்துக் கேட்ட பாகம்: ஷரியா நீதிமன்றமும் காலக்கெடுவும் – ஒரு நிகழ்வு ஆய்வு

பினாங்கில் ஒரு ஷரியா வழக்கறிஞர் அலுவலகத்தில் வாரிசுரிமைக் கோப்புகளைக் கவனிப்பது என் வேலை. கீழே வருவது அப்படி ஒரு கோப்பின் கதை. சம்பந்தப்பட்டவர்களின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆள் அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஆண்டுகளின் இடைவெளியையும் பங்குக் கணக்கையும் மாற்றவில்லை. அவற்றை மாற்றினால் வழக்கே மாறிவிடும்.

பின்னணி

கீழக்கரைப் பக்கத்திலிருந்து வந்து பினாங்கில் கடை வைத்திருந்த ஒருவர் 1984-இல் இறந்தார். அவருடைய சொத்து ஜார்ஜ்டவுனில் ஒரே ஒரு மாடி வீடு. கீழே வாடகைக்கு விட்டிருந்தார்கள், மேலே குடும்பம் இருந்தது. கிராண்டு, அதாவது நில உரிமைப் பத்திரம், அவர் பெயரில். அவர் இறந்த அன்று இருந்த வாரிசுகள் நால்வர்: மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள். அவருடைய பெற்றோர் முன்பே காலமாகிவிட்டார்கள்.

அப்போதே நில அலுவலகத்துக்குப் போயிருந்தால் ஒரே ஒரு விசாரணையில் முடிந்திருக்கும். யாரும் போகவில்லை. உம்மா, அதாவது தாய், உயிரோடிருக்கும்போது பாகம் பேசுவது முறையில்லை என்பது அந்த வீட்டின் வழக்கம். 1999-இல் உம்மா இறந்தார். அப்புறம் காக்காவிடம், அதாவது அண்ணனிடம், பாகம் கேட்டால் காக்கா வீட்டு வாசல் அடைபட்டுவிடும் என்ற பயம் வந்தது. மூத்த மகள் 2011-இல் இறந்தார். அவருக்குக் கணவர், ஒரு மகன், ஒன்பது வயதில் ஒரு மகள். மகன், அதாவது காக்கா, இத்தனை காலமும் அந்த வீட்டிலேயே இருந்தார். வாடகையை வாங்கினார், வரியைக் கட்டினார், ஒருமுறை கூரையை முழுதாக மாற்றினார்.

எங்களிடம் வந்தவர் இளைய மகள். 2019-இல் அவருக்கு 58 வயது. கல்யாணமாகி ஈப்போ போனவர் அங்கேயே தங்கிவிட்டார். நில அலுவலகத்திலிருந்து வந்த விசாரணை அறிவிப்பு ஒன்றைக் கையில் வைத்திருந்தார். காக்கா வீட்டை விற்க ஆள் பார்த்திருந்தார். இறந்தவர் பெயரிலிருக்கும் கிராண்டை விற்க முடியாது என்பதால், சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டத்தின் கீழ் ஏ படிவம், அதாவது பங்கீட்டு விண்ணப்பம், போட்டிருந்தார். அன்றைக்கு அந்தச் சட்டத்தின் உச்சவரம்பு 20 லட்சம் வெள்ளி (ரிங்கிட்). வீட்டின் மதிப்பு 9 லட்சத்து 60 ஆயிரம். ஆகவே உயர் நீதிமன்றத்துக்குப் போகத் தேவையில்லை, நில அலுவலகமே பங்கிட்டுவிடலாம்.

"முப்பத்தஞ்சு வருசமாச்சு தம்பி. இனிமே கேக்கலாமா, கேக்கக் கூடாதா? அத மட்டும் சொல்லுங்க" என்றார் அந்த அம்மா. கையில் வேறு தாள் எதுவும் இல்லை.

கணக்கு

எந்த வாதத்துக்கும் முன்னால் பங்குகளை எழுதிப் பார்த்துவிடுவது எங்கள் வழக்கம். நடுவில் இரண்டு மரணங்கள் நேர்ந்திருப்பதால் இது முனாசகா, அதாவது பங்கிடாத சொத்தின் மேல் அடுத்தடுத்து மரணம் விழுந்த கணக்கு.

வாப்பா, அதாவது தந்தை, இறந்தபோது மனைவிக்கு எட்டில் ஒன்று. மிச்சம் எட்டில் ஏழு, ஆணுக்கு இரண்டு பெண்ணுக்கு ஒன்று என்ற விகிதத்தில் மூன்று பிள்ளைகளுக்கு. 32 பங்காக எழுதினால் உம்மாவுக்கு 4, மகனுக்கு 14, மகள்களுக்கு ஆளுக்கு 7. உம்மா இறந்ததும் அவருடைய 4 பங்கு அதே மூன்று பிள்ளைகளுக்குப் போகிறது: மகனுக்கு 2, மகள்களுக்கு ஒவ்வொன்று. இப்போது மகனுக்கு 16, மகள்களுக்கு எட்டெட்டு. சுருக்கினால் பாதி, கால், கால். மூத்த மகளின் காலில் அவருடைய கணவருக்கு நான்கில் ஒன்று, மிச்சம் மகனுக்கும் மகளுக்கும் இரண்டுக்கு ஒன்றாக.

மொத்தத்தையும் 16 பங்காக எழுதினோம்: காக்காவுக்கு 8, எங்கள் கட்சிக்காரரான இளைய மகளுக்கு 4, மச்சானுக்கு (மூத்த மகளின் கணவருக்கு) 1, மச்சானின் மகனுக்கு 2, மகளுக்கு 1. வீட்டின் மதிப்பில் ஒரு பங்கு 60 ஆயிரம் வெள்ளி. காக்கா எதுவுமே சொல்லாவிட்டாலும் வீட்டில் பாதி அவருடையதுதான் என்பதை அந்த அம்மாவுக்கு முதலிலேயே விளக்கிச் சொன்னோம். சண்டை மறு பாதிக்குத்தான்.

நில அலுவலகத்தில் நடந்தது

2019 மார்ச்சில் விசாரணை. காக்கா ஏ படிவத்தில் எல்லா வாரிசுகளின் பெயரையும் நேர்மையாகவே எழுதியிருந்தார். இதைக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். வாரிசைக் கமுக்கமாக விட்டுவிட்டு விண்ணப்பம் போடுகிறவர்கள் உண்டு, அவர் அப்படிச் செய்யவில்லை. ஆனால் அதிகாரி "ஃபராயிழ்படி பங்கிடலாமா?", அதாவது இஸ்லாமிய வாரிசுப் பங்குக் கணக்குப்படி பங்கிடலாமா என்று கேட்டதும், 1983-இலேயே வாப்பா தனக்கு வீட்டை வாய்மொழியாக ஹிபா கொடுத்துவிட்டார் என்றார். ஹிபா என்றால் உயிரோடிருக்கும்போதே கொடுக்கும் கொடை. அது உண்மையானால் 1984-இல் பங்கிட அந்த வீடே இல்லை.

ஹிபா செல்லுமா செல்லாதா என்பதை நில அதிகாரி தீர்மானிக்க முடியாது, ஷரியா உயர் நீதிமன்றம்தான் தீர்மானிக்க வேண்டும். விசாரணையை நிறுத்திவைத்து, அங்கிருந்து உத்தரவு கொண்டு வரச் சொன்னார் அதிகாரி. மே மாதம் காக்கா ஹிபாவை உறுதிப்படுத்தக் கோரி வழக்குப் போட்டார். எங்கள் கட்சிக்காரரும், மச்சானும், அவருடைய இரண்டு பிள்ளைகளும் பிரதிவாதிகள். வீட்டை வாங்க வந்தவர் அந்த மாதமே விலகிக்கொண்டார்.

காலக்கெடு என்ற வாதம்: நாங்கள் முதலில் செய்த தவறு

பதிலுரையின் முதல் வரைவை எழுதியவன் நான்தான். 36 ஆண்டுக்கு முந்தைய வாய்மொழிக் கொடையை இப்போது கொண்டு வருகிறார், 15 ஆண்டு கடந்த வழக்கைக் காஜி (ஷரியா நீதிபதி) கேட்கக் கூடாது, ஆகவே தள்ளுபடி செய்க என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன். ஆதாரமாக உஸ்மானியப் பேரரசின் மஜல்லா என்ற சட்டத் தொகுப்பைக் காட்டியிருந்தேன். அதன் 1660-ஆம் பிரிவு கடன், அமானிதம் (பாதுகாக்க ஒப்படைத்த பொருள்), சொத்து, வாரிசுரிமை வழக்குகளுக்கு 15 ஆண்டு என்று எல்லை வைக்கிறது.

மூத்த வழக்கறிஞர் அந்தப் பத்தியைப் படித்துவிட்டுச் சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு போட்டார். "உங்க கட்சிக்காரர் எத்தனை வருசம் கழிச்சு வந்திருக்கார்?" என்று மட்டும் கேட்டார். வாப்பா இறந்து 35 ஆண்டு, உம்மா இறந்து 20 ஆண்டு. அந்த வாளை நாங்கள் உருவினால் காக்காவின் ஹிபாவும் போகும், எங்கள் கட்சிக்காரரின் பாகமும் போகும். அப்படி ஒரு நிலை வந்தால் வீடு யாரிடம் இருக்கிறதோ அவரிடமே இருக்கும். அவர் காக்கா.

பத்தியை எடுத்துவிட்டோம். இரண்டு வாரம் கழித்து எதிர்த்தரப்பின் மறுமொழி வந்தது. அதில் அதே 1660-ஆம் பிரிவை எங்கள் மேல் திருப்பியிருந்தார்கள். 35 ஆண்டு வாய் திறக்காதவர் இப்போது பாகம் கேட்க முடியாது, அந்த மௌனமே ஹிபாவை ஒப்புக்கொண்டதற்குச் சமம் என்றது அது.

பதில் சொல்லத் தோண்டியதில் கிடைத்தவை

இதற்குப் பதில் எழுத நாங்கள் செலவிட்ட நேரம்தான் இந்தக் கோப்பிலேயே அதிகம். இதே கேள்வி மறுபடி வருகிறவர்களுக்கு உதவும் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில், மலேசியாவில் ஷரியா நீதிமன்றங்களின் உரிமையியல் நடைமுறைச் சட்டங்களில் வாரிசுச் சொத்துக்கு இத்தனை ஆண்டு என்ற பொதுக் காலக்கெடு இல்லை. சட்டம் வாய் திறக்காத இடத்தில் ஹுக்கும் ஷரக், அதாவது மார்க்கச் சட்டமே பொருந்தும். உரிமையியல் நீதிமன்றங்களுக்கு 1953-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் நிலத்துக்கு 12 ஆண்டு என்கிறது. ஆனால் 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத் தொகுப்பு 341-ஆம் பிரிவில் அதையும் உடைத்துவிடுகிறது: எத்தனை ஆண்டு ஒருவர் நிலத்தில் குந்தியிருந்தாலும் உரியவரின் உரிமை அழியாது. 'அனுபவித்தவனுக்கே நிலம்' என்று ஊர்ப்பக்கம் கேட்டு வளர்ந்த பேச்சு இந்த நாட்டில் செல்லாது.

அடுத்து மஜல்லா. அது 1869 முதல் 1876 வரை பகுதி பகுதியாக வெளியான உஸ்மானியச் சட்டத் தொகுப்பு, ஹனஃபி மத்ஹபை, அதாவது ஹனஃபி சட்டப் பள்ளியை, ஒட்டியது. மலாய் நாட்டில் ஜொகூர் அதை 1913-இல் மலாய் மொழியில் ஏற்றுக்கொண்டது. பினாங்கில் அது சட்டமாகவே இருந்ததில்லை. நீதிபதி அதை நூலாகப் பார்க்கலாம், கட்டுப்பட வேண்டியதில்லை.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நீதிபதி நூலாக எடுத்துப் படித்தால் என்ன கிடைக்கும் என்பதையும் பார்த்து வைத்தோம். அங்கேதான் பலரும் கவனிக்காத விஷயம் இருக்கிறது. 15 ஆண்டு என்ற எல்லை உரிமையைப் பற்றியது அல்ல, காஜியைப் பற்றியது. காஜி சுல்தானின் பிரதிநிதி. இன்னின்ன வழக்கைக் கேட்காதே என்று சுல்தான் தன் பிரதிநிதிக்குச் சொல்ல முடியும். 16-ஆம் நூற்றாண்டில், உஸ்மானியச் சுல்தான் சுலைமான் காலத்தில், ஷைகுல் இஸ்லாம் (தலைமை மார்க்க அறிஞர்) அபுஸ்ஸுவூதின் ஃபத்வாக்களோடு இந்த முறை வேர் பிடித்தது. பொய் ஆவணங்களும் செத்துப்போன சாட்சிகளும் நீதிமன்றத்தை நிரப்புவதைத் தடுப்பது அதன் நோக்கம். உரிமையை அழிக்கும் அதிகாரம் சுல்தானுக்கு இல்லை. அதனால்தான் மஜல்லாவின் 1674-ஆம் பிரிவு, காலம் பழசாவதால் உரிமை விழுந்துவிடாது என்று தொடங்குகிறது. பிரதிவாதியே காஜியின் முன்னால் "ஆமாம், இது அவருடையதுதான்" என்று ஒப்புக்கொண்டால் எத்தனை ஆண்டு ஆகியிருந்தாலும் தீர்ப்பு உரியவருக்கே.

அதே தொகுப்பில் வக்ஃபின் (அறக்கொடையின்) மூலச் சொத்துக்கு 36 ஆண்டு, பொதுவழி போன்ற ஊர்ச் சொத்துக்கு எல்லையே கிடையாது. சிறுவர், சித்தப் பிரமை உள்ளவர், தொலைதூரத்தில் இருப்பவர், எதிரி பலசாலி என்பதால் வாய் திறக்க முடியாதவர், இவர்களுக்கு அந்தத் தடை நீங்கிய நாளிலிருந்துதான் காலம் ஓடும் என்கிறது 1663. காக்கா மனம் கோணுவாரே என்ற கூச்சம் அந்தப் பட்டியலில் இல்லை. எங்கள் கோப்புகளில் பெண்கள் கேட்காமலிருந்ததற்கு நான் கேட்ட காரணம் பெரும்பாலும் அதுதான்.

1674-இல் இன்னொரு கிளையும் உண்டு. ஒப்புதல் நீதிமன்றத்துக்கு வெளியே நடந்திருந்தால் பொதுவாகச் செல்லாது. ஆனால் பிரதிவாதியின் கையெழுத்து என்று அறியப்பட்ட ஆவணத்தில் அது இருந்து, ஆவணத் தேதிக்கும் வழக்குக்கும் இடையில் 15 ஆண்டு ஆகாமலிருந்தால் வழக்கு கேட்கப்படும். இதைப் படித்த பிறகுதான், காக்கா இதுவரை எங்கெங்கே என்னென்ன எழுதிக் கொடுத்தார் என்று தேடத் தொடங்கினோம். நகராண்மைக் கழகத்துக்கு 2008-இல் கதவு வரியை, அதாவது வீட்டு வரியை, குறைக்கக் கேட்டு அவர் கையெழுத்திட்ட கடிதத்தின் நகல் எதிர்த்தரப்பு ஆவணங்களுக்குள்ளேயே கிடந்தது. வரி கட்டியது தான்தான் என்று காட்ட அவர்களே சேர்த்திருந்தார்கள். அதன் இரண்டாவது வரி: "இவ்வீடு காலஞ்சென்ற என் தந்தையின் வாரிசுகளாகிய எங்களுக்குச் சொந்தமானது." 2008-க்கும் 2019-க்கும் இடையில் 11 ஆண்டு. ஹிபா வாங்கியவர் எழுதுகிற வரி அல்ல அது.

'கிட்ட'வும் 'க்கு'வும்

எங்களுக்கு எதிராக ஒரு தாளும் இருந்தது. 1986-இல் ஈப்போவிலிருந்து தங்கை காக்காவுக்கு எழுதிய தமிழ்க் கடிதம். நீல நிற வான்மடல், மடிப்பில் கிழிந்து ஒட்டுத்தாள் போட்டிருந்தது. நலம் விசாரிப்புக்கு நடுவில் ஒரு வாக்கியம்: "வீடு காக்காகிட்டயே இருக்கட்டும், உம்மாவ நல்லா பாத்துக்கங்க."

நீதிமன்றத்துக்கு மலாய் மொழிபெயர்ப்பு வேண்டும். எதிர்த்தரப்பு தாக்கல் செய்த மொழிபெயர்ப்பில் அந்த வாக்கியம் 'உந்துக் அபாங்' என்று வந்திருந்தது. அதாவது 'அண்ணனுக்காக'. தமிழ் தெரிந்த யாருக்கும் வித்தியாசம் உடனே படும். 'காக்காவுக்கே இருக்கட்டும்' என்றால் கொடுத்தாகிவிட்டது. 'காக்காகிட்டயே இருக்கட்டும்' என்றால் பொறுப்பில் இருக்கட்டும். மலாய் வாசகத்தில் அந்த இடைவெளி காணாமல் போயிருந்தது. சத்தியப்பிரமாணம் செய்த வேறொரு மொழிபெயர்ப்பாளரிடம் மறுபடி பெயர்க்க வைத்தோம். 'டெங்கான் அபாங்' என்று வந்தது, 'அண்ணனோடு'. இரண்டு உருபுகளின் பொருளை விளக்கி அவர் அரைப் பக்கக் குறிப்பும் எழுதிச் சேர்த்தார்.

இதில் சட்டக் கருத்தும் ஒன்று உண்டு. வாரிசுப் பங்கு ஒருவருக்கு அவர் கேளாமலேயே வந்து சேருவது. 'எனக்கு வேண்டாம்' என்று சொல்வதாலேயே அது கைவிட்டுப் போகாது. வந்த பங்கைக் கொடையாகவோ விலைக்கோ உடன்பாட்டின் பேரிலோ இன்னொருவருக்கு மாற்ற வேண்டும். எனவே கடிதம் எதிர்த்தரப்பு சொல்லும் பொருளில் இருந்திருந்தாலும் அது மட்டும் போதியிருக்காது. ஆனாலும் நீதிபதியின் மனதில் முதலில் பதிவது கடிதம்தான். மொழிபெயர்ப்பை அப்படியே விட்டிருந்தால் மீதி வாதமெல்லாம் மேட்டில் ஏறுகிற வண்டிதான்.

எடுத்த முடிவுகள்

கேவியட், அதாவது கிராண்டை மாற்ற விடாமல் பதியும் தடைக் குறிப்பு, போடலாமா என்ற பேச்சு தொடக்கத்திலேயே வந்தது. வேண்டாம் என்றோம். கிராண்டு இன்னும் இறந்தவர் பெயரில் இருக்கிறது, உத்தரவில்லாமல் காக்காவால் விற்க முடியாது. நில அலுவலக விசாரணையும் நின்றிருக்கிறது. தேவையில்லாத இடத்தில் பூட்டுப் போட்டால் உறவுதான் பூட்டப்படும்.

வழக்கை முழு விசாரணைக்குத் தள்ளாமல் சுல்ஹுக்கு, அதாவது ஷரியா நீதிமன்றத்தின் சமரச அமர்வுக்கு இசைந்தது இரண்டாவது முடிவு. சட்டத்தில் நாங்கள் வலுவாகவே இருந்தோம். சாட்சியத்தில் இரு தரப்பும் பலவீனம். காக்காவிடம் இருந்தது ஒரே சாட்சி, வாப்பாவின் கடையில் வேலை பார்த்த 84 வயதுக்காரர். "இந்த வீடு இவனுக்குத்தான்" என்று முதலாளி சொல்லக் கேட்டதாக அவர் எழுதிக் கொடுத்திருந்தார். கொடுத்தேன் என்பதா, கொடுக்கப்போகிறேன் என்பதா என்று அந்த வாக்கியத்திலிருந்து தெரியாது. மேலும் ஷாஃபி மத்ஹபில் ஹிபாவுக்குக் கையளிப்பு வேண்டும். வாப்பா கடைசி நாள் வரை அதே வீட்டில், வாடகையைத் தானே வாங்கிக்கொண்டு இருந்தார். ஆனால் சொத்து வழக்கில் ஓர் ஆண் சாட்சியும் வழக்காடுபவரின் சத்தியமும் சேர்ந்தால் நிரூபணமாகிவிடக்கூடும். காக்கா சத்தியம் செய்யத் துணிந்தால் என்ன ஆகும் என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

எங்கள் பக்கம் இருந்த சாட்சி பக்கத்து வீட்டுப் பாட்டி. வாப்பா சாகும்வரை வாடகை வாங்கியதைக் கண்ணால் பார்த்தவர். ஜூலையில் அவரைப் போய்ப் பார்த்தோம். பேச்சு தெளிவாக இருந்தது. விசாரணைத் தேதி வந்ததும் எழுதி வாங்கலாம் என்று திரும்பிவிட்டோம். செப்டம்பரில் அவர் மௌத்தானார்.

மூன்றாவது முடிவு மச்சானின் மகளைப் பற்றியது. அப்போது அவளுக்கு 17 வயது, சட்டப்படி மைனர். அவள் பங்கை யாரும் விட்டுக்கொடுக்கவோ குறைக்கவோ முடியாது, தகப்பனே ஆனாலும் சரி. எனவே எந்தச் சமரசமானாலும் அவளுடைய 16-இல் ஒரு பங்கைத் தொடாமல்தான் எழுத வேண்டும் என்று தொடக்கத்திலேயே இரு தரப்புக்கும் கடிதம் கொடுத்தோம்.

சுல்ஹில் நடந்தது

நான்கு அமர்வுகள், அக்டோபர் முதல் டிசம்பர் வரை. சுல்ஹு அறைக்குள் வழக்கறிஞர்கள் போவதில்லை. நாங்கள் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே நடந்ததைக் கட்சிக்காரர் சொல்லித்தான் தெரியும்.

முதல் அமர்வு முழுக்கக் கூரை மாற்றிய செலவைப் பற்றி. "முப்பத்தஞ்சு வருசமா வரி கட்டினது யாரு, ஒழுகுனப்ப ஏணி வச்சு ஏறினது யாரு" என்று காக்கா கேட்டிருக்கிறார். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. இரண்டாவது அமர்வில் சுல்ஹு அதிகாரி 2008-ஆம் ஆண்டுக் கடிதத்தை அவர் கையிலேயே கொடுத்து வாசிக்கச் சொல்லியிருக்கிறார். வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அன்றைக்கு அதற்குமேல் அவர் பேசவில்லையாம். மூன்றாவது அமர்வுக்கு அவர் தன் மகனையும் கூட்டி வந்தார். வீட்டை விற்க வேண்டாம், வங்கிக் கடன் வாங்கி மற்றவர்களின் பங்கைத் தானே எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னது அந்த மகன்தான்.

உடன்பாடு இப்படி அமைந்தது. காக்கா ஹிபா வழக்கைத் திரும்பப் பெறுகிறார். எல்லாரும் முதலில் 16 பங்குக் கணக்கை ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் தகாருஜ், பணம் பெற்றுக்கொண்டு பங்கிலிருந்து விலகுவது. தன் பங்கு எவ்வளவு என்று தெரியாமல் விலகுகிறவர் எதிலிருந்து விலகினோம் என்பதே தெரியாமல் விலகுகிறார். பிற்காலச் சண்டைகளுக்கு விதை அங்கேதான் விழுகிறது. எங்கள் கட்சிக்காரருக்கு 2 லட்சத்து 40 ஆயிரம் வர வேண்டும். கூரைக்கும் வரிக்கும் தன் பங்குக்கு 30 ஆயிரத்தைத் தானே கழித்துக்கொண்டு 2 லட்சத்து 10 ஆயிரத்துக்கு இசைந்தார். பழைய வாடகையை யாரும் கேட்பதில்லை. மச்சானும் அவர் மகனும் தங்கள் பங்கை முழு மதிப்புக்கே கொடுத்தார்கள், 60 ஆயிரமும் 1 லட்சத்து 20 ஆயிரமும்.

வாடகையை விட்டுக்கொடுத்ததில் எனக்கு இன்றும் முழு உடன்பாடில்லை. அந்த அம்மாவுக்கு நாங்கள் கணக்குப் போட்டே காட்டினோம். "காக்கா உம்மாவப் பாத்துக்கிட்டாகல்ல" என்று முடித்துவிட்டார்.

அதன் பிறகு

2020 ஜனவரியில் உடன்பாடு நீதிமன்ற உத்தரவாகப் பதிவானது. நில அலுவலக விசாரணை மார்ச் கடைசி வாரத்துக்கு வைக்கப்பட்டது. மார்ச் 18 அன்று கொரோனா நடமாட்டக் கட்டுப்பாடு வந்து எல்லாம் மூடியது. விசாரணை ஆகஸ்டில்தான் நடந்தது. இதில் ஒரு நன்மை, அந்தப் பெண்ணுக்கு அதற்குள் 18 முடிந்திருந்தது. அதிகாரி முன்னால் அவளே நின்றாள். மற்றவர்களைப் போலப் பணம் வாங்கிக்கொள்கிறாயா என்று கேட்டதற்கு, "வேணாம், என் பேரு கிராண்டுல இருக்கட்டும்" என்றாள். யாரும் எதிர்பார்க்கவில்லை. எல்லாரும் அவளுடைய மாமாவின் முகத்தைப் பார்த்தோம். அவர் தலையசைத்தார்.

இ படிவ உத்தரவு, அதாவது பங்கீட்டு உத்தரவு, அதன்படி வந்தது. டிசம்பரில் கிராண்டில் இரண்டு பெயர்கள் ஏறின: காக்காவுக்கு 16-இல் 15, மருமகளுக்கு (அவருடைய சகோதரியின் மகளுக்கு) 1. சின்னப் பங்குதாரர் ஒருவர் இருக்கும்போது வங்கி கடன் தரத் தயங்கியது. மருமகளிடம் சம்மதக் கடிதம் வாங்கிய பிறகே 2021 மத்தியில் பணம் வந்தது. எங்கள் கட்சிக்காரருக்கு இரண்டு தவணையாகச் சேர்ந்தது. இரண்டாவது தவணை நான்கு மாதம் தாமதம்.

மறுபடி செய்தால் எதை மாற்றுவோம்

பக்கத்து வீட்டுப் பாட்டியின் வாக்குமூலத்தை ஜூலையிலேயே, அந்த வரவேற்பறையிலேயே எழுதி வாங்கியிருக்க வேண்டும். ஷரியா நீதிமன்றத்தில் காலம் வாசலை அடைக்காது, ஆனால் சாட்சிகளை ஒவ்வொருவராக அழைத்துக்கொண்டு போய்விடும். காக்காவின் ஹிபா உண்மையாகவே நடந்திருக்கவும் கூடும். 1984-இல் கேட்டிருந்தால் அதற்குச் சாட்சி சொல்ல நாலு பேர் இருந்திருப்பார்கள். தாமதத்தால் அதிகம் இழந்தவர் அவராகவும் இருக்கலாம், அதை நாங்கள் ஒருபோதும் அறியப்போவதில்லை.

காலக்கெடு வாதத்தைக் கையிலெடுக்கும் முன், அதே ஆண்டுக் கணக்கு நம் கட்சிக்காரருக்கும் பொருந்துமா என்று பார்ப்பதை இப்போது வரைவுச் சரிபார்ப்புத் தாளில் முதல் கேள்வியாக வைத்திருக்கிறோம். எதிர்த்தரப்பு தரும் ஆவணங்களை, அவர்கள் எதற்காகச் சேர்த்தார்களோ அந்தக் காரணத்தை மறந்துவிட்டு, வரி வரியாகப் படிக்க ஒருவருக்குத் தனியே நேரம் ஒதுக்குகிறோம். தமிழ்க் கடிதம் இருந்தால் மூலத்தைப் பார்க்காமல் மொழிபெயர்ப்பை ஒப்புக்கொள்வதில்லை. சுல்ஹு தொடங்கும் முன்பே வங்கியிடம் பேசியிருக்க வேண்டும். பேசியிருந்தால் 2021 வரை இழுத்திருக்காது.

கீழ்த்தள வாடகையில் 16-இல் ஒரு பங்கு இப்போது மாதாமாதம் மருமகளுக்குப் போகிறது. காக்கா அதைக் கையில்தான் கொடுக்கிறார். ஒவ்வொரு முறையும் ரசீது எழுதிக் கொடுக்கச் சொல்லி அவளுக்கு ஒரு புத்தகம் வாங்கிக் கொடுத்திருக்கிறோம்.